கட்டைவிரல் வரவு

எங்கள் பாடசாலையில் சிவப்புப் பேனையைக் கண்டால் முகம் சுளிக்கும் ஒரே ஆசிரியர் கணக்கு மிஸ்தான். கொப்பி திருத்தக்கூட அவர் பச்சை மைதான் வைத்திருந்தார். வரவு பதியும் இடாப்பில், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு பூச்சியம் போட வேண்டும். அதைப் போட அவருக்குக் கை வராது. போடாமலும் விட முடியாது, அரசாங்க இடாப்பு. முதல் பாடவேளை முடியும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் என்னிடம் வந்து சிவப்புப் பேனை இரவல் கேட்பார். திருப்பித் தரும்போது, அந்தப் பிள்ளையை வழியில் மறித்து வைத்தவனே நான்தான் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பித்தவன். மாத்தளை டவுனிலிருந்து இரத்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேலே இன்னொரு பஸ் என்று பத்து வருடம் அந்தத் தோட்டப் பாடசாலைக்குப் போய் வந்தேன். கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. பலகையில் எழுதியிருந்ததால்தான் அது கம்ப்யூட்டர் அறை. மிஸ் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். குள்ளமான ஆள், வலது முழங்காலில் வலி, ஆனால் நடையில் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்தே படித்து, கணக்கில் டிப்ளோமா வரை போனவர்.

அதிபர் கூட்டம் போட்டு, கற்பித்தல் உத்திகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். கடைசியில் மிஸ்ஸின் கருத்தைக் கேட்பார். மிஸ் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“ஆளு வந்துச்சா சேர்? வந்துட்டா போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

அது வெறும் பேச்சில்லை. கராம்பு பறிக்கும் காலத்தில் எங்கள் பக்கத்தில் வகுப்பில் பாதி காலியாகிவிடும், பிள்ளைகள் மரத்தில் இருப்பார்கள். ஒரு முறை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாளாக வரவில்லை. நாலாம் நாள் பாடசாலை விட்டதும் மிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பையன் மரத்தின் உச்சியில் இருந்தான். கீழே அவன் அப்பா சாக்கு விரித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாள் தான் டீச்சர், முடிஞ்சிரும்” என்றார் அவர்.

“முடியட்டுங்க. நான் இப்பிடியே ஒக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு மிஸ் மரத்து வேரில் உட்கார்ந்துகொண்டார். ஒரு டீச்சர் காலடியில் இருக்கும்போது மேலே இருப்பவனுக்குக் கை ஓடுமா? அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டான். “நாளைக்கு வரல, பேர வெட்டிப்புடுவேன்டா” என்றார் மிஸ். அவன் பல்லைக் காட்டினான். அவன் அப்பாவும் சிரித்தார்.

பேரை வெட்டுவது அவருடைய வாடிக்கையான மிரட்டல். பரீட்சைக்குப் போகும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவாராம். எடுக்க அவருக்கு அதிகாரமும் கிடையாது, மனசும் கிடையாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் அதை அவர் சொல்லும்போது ஏதோ பலகாரம் தருவதாகச் சொன்னதுபோல எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நோய்க் காலத்தில் பாடசாலைகளை மூடினார்கள். எல்லா ஆசிரியர்களும் போன் வழியாகப் படிப்பிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவர்களைப் பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப் குரூப் திறப்பது, வொய்ஸ் போடுவது, வீடியோவைச் சிறிதாக்கி அனுப்புவது, கேள்விகளை ஃபோமாகச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்கள் யூடியூபில் கிடைத்ததைப் பிடித்துக் குரூப்பில் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். மிஸ் தன் வீட்டு அலுமாரிக் கதவுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, கதிரையின் முதுகில் போனைத் தலைமுடி ரப்பரால் கட்டி, தானே படிப்பித்து அனுப்பினார்.

முதல் வீடியோவைப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டு, “இப்ப எக்ஸ் எவ்வளவு?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டுப் போனையே உற்றுப் பார்த்தபடி நிற்கிறார். ஐந்து விநாடி, பத்து விநாடி, பதினைந்து. அப்புறம் யாரோ பதில் சொன்ன மாதிரித் தலையாட்டி, “ஆ, சரி” என்று அடுத்த வரிக்குப் போகிறார்.

“மிஸ், அந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டா வீடியோ சின்னதாகும். டேட்டாவும் மிச்சம்” என்றேன்.

“புள்ள யோசிக்க நேரம் வேணாமா சேர்? வெட்டாதீங்க.”

வெட்டவில்லை. ஏழு மாதமும் அந்த மௌனங்கள் அப்படியேதான் போயின.

அவருடைய பெரிய கவலை வரவு. போனில் எப்படி இடாப்புப் போடுவது? வழி சொன்னவன் நான்தான். பாடத்தைப் பார்த்த பிள்ளை கட்டைவிரல் படம் போட வேண்டும். விரல் விழுந்தால் இடாப்பில் ‘ஒன்று’, வந்ததாகக் கணக்கு. வாரத்துக்கு ஒரு தடவை பத்துக் கேள்வி உள்ள ஃபோம். வலயக் கல்வி அலுவலகம் கேட்டதும் மொத்தக் கணக்குத்தான்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள். மிஸ் ஒவ்வொரு விரலாகப் பார்த்து இடாப்பில் ஏற்றினார். விரல் போடாத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே போன் போகும். எடுக்காவிட்டால், ஊரடங்கு தளர்ந்த நேரம் பார்த்து அவரே நடந்து போவார். அப்படித் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஏழெட்டு லயங்களுக்குப் போய், பொலிஸிடம் ஒரு தடவை மாட்டி, பேச்சும் வாங்கினார். குரூப்பில் அவருடைய வொய்ஸ் வரும்: “ஆளு வந்துச்சா? விரல் போடாட்டி பேர வெட்டிப்புடுவேன், சொல்லிட்டேன்!”

பதினோராம் வகுப்பில் முதல் விரல் எப்போதும் கௌசல்யாவுடையது. பாடம் போய் விழுந்த ஐந்தாவது நிமிடம் விரல் வந்துவிடும். மிஸ்ஸுக்கு அதில் அவ்வளவு பெருமை. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா கொழுந்து பறிக்கிறவர், அண்ணன் ஒருவன் கொழும்பில் புடவைக் கடையில். அவர்கள் இருந்த லயத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளைகூட உயர்தரம் போனதில்லை. இவள் போவாள் என்று மிஸ் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். தமிழும் வரலாறும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு மட்டும் இழுபறி, ஆனால் பத்தாம் வகுப்பு வரை மிஸ் கூடவே இருந்து தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு சித்தியடைந்தால் உயர்தரம், இல்லாவிட்டால் அண்ணன் இருக்கும் கடை. அதை அந்த வீட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபோமில் பிள்ளைகள் தரும் விடையெல்லாம் ஒரு அட்டவணையில் வந்து விழும். மிஸ்ஸின் பழைய போனில் அது ஒழுங்காகத் திறக்காது. “கட்டம் கட்டமா வருது சேர், எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லிடுங்களேன்” என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார். “எல்லாரும் அனுப்பிட்டாங்க மிஸ்” என்பேன். “அப்பாடா” என்று வைத்துவிடுவார்.

கௌசல்யாவின் வரிசையை நான் பார்த்தேன். ஒரு வாரம் மட்டுமில்லை. பத்துக் கேள்விக்கும் முதலாம் விடை. அடுத்த வாரமும் பத்துக்கும் முதலாம் விடை. அதற்கடுத்த வாரமும். திறந்து மூட ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, கேள்விகளை வாசிக்கவே அந்த நேரம் போதாது. சோம்பேறிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, இங்கேயாவது பொய் சொல்லக் கூடாது. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. மிஸ்ஸிடம் சொன்னால் அவர் அன்றைக்கே கிளம்பிப் போவார், பொலிஸ் பிடித்தால் அதிபர் என்னைத்தான் ஏசுவார், எங்கள் மொத்தக் கணக்கிலும் ஓட்டை விழும். வலயத்தில் எங்கள் பாடசாலையை நல்லவிதமாகப் பேசத் தொடங்கியிருந்த நேரம். அந்தக் கணக்கைத் தொகுத்து அனுப்பியவன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பாடசாலை திறந்தபோது பரீட்சைக்கு இருபத்திமூன்று நாள்தான் இருந்தது. முதல் நாளே மிஸ் பழைய வருடத்துப் பாஸ் பேப்பர் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். நான் அந்த வகுப்பில் புரொஜெக்டர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கௌசல்யா பெயரை எழுதினாள். பரீட்சைச் சுட்டெண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னடி, பேன எழுதலியா?”

“எழுதுது மிஸ்.”

“அப்ப எழுதேன்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது மிஸ்.”

மிஸ் சிரித்தார். “நீ தானே மொத ஆளா விரல் போடுவ?”

“நான் இல்ல மிஸ். அண்ணன்.”

மெதுவாகத்தான் வெளியே வந்தது. தங்கச்சியின் படிப்புக்கென்று போனை வாங்கித் தந்தவன் அண்ணன். இடையில் கடை திறந்ததும், ஓடரெல்லாம் போனில்தான் என்று முதலாளி சொல்ல, அவன் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டான். பக்கத்து லயத்துத் தோழி வீட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தோழியின் அம்மா நோய்க்குப் பயந்து நாலாம் நாளே வர வேண்டாம் என்றுவிட்டார். குரூப்பில் இருந்தது அண்ணனின் கையில் உள்ள போன். மிஸ்ஸின் வொய்ஸ் அவனுக்குத்தான் கேட்டது. அவன் ஒருநாளும் அவர் வகுப்பில் இருந்தவனில்லை, பேரை வெட்டுவேன் என்றால் வெட்டுவார்கள் என்றே நினைத்தான். தங்கச்சியின் பரீட்சை போய்விடக் கூடாதே என்று கடையின் பின்பக்கம் நின்று அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் விரல் போட்டு, ஃபோமிலும் எதையோ தட்டிவிட்டிருக்கிறான்.

“என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி?”

“எதுல சொல்றது மிஸ்? போன் இல்லியே.”

“யார்கிட்டயாச்சும் சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?”

கௌசல்யா மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “யாரும் வரலன்னா நீங்க தேடி வந்துருவீங்க தானே மிஸ். அப்பிடித்தான் நெனச்சேன். நீங்க வருவீங்க வருவீங்கன்னு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

மிஸ் இடாப்பைத் திறந்தார். அந்தப் பெயருக்கு நேரே ஒரு பூச்சியம்கூட இல்லை. எல்லாம் ‘ஒன்று’, பச்சை மையில் அழகாக. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்குத் தைரியமில்லை.

அந்த இருபத்திமூன்று நாளும் மிஸ் ஓயவில்லை. காலை மணியடிக்க முன்பு, இடைவேளையில், பாடசாலை விட்ட பிறகு, பஸ் தரிப்பில் நிற்கும்போது என்று மிஸ் அந்தப் பிள்ளையை விடவில்லை. முதலில் முழுப் பாடத்திட்டத்தையும் முடிப்பது என்று தொடங்கினார். நாலு நாளில் திரிகோண கணிதத்தை விட்டார். அப்புறம் வட்டத்தை விட்டார். பிறகு நிகழ்தகவையும் விட்டார். “சித்திக்கு மட்டும் போதும் சேர், அவ்வளவு தான் எனக்கு வேணும்” என்பார். எங்கே நாலு புள்ளி பொறுக்கலாம், எங்கே ஆறு புள்ளி பொறுக்கலாம் என்று பாஸ் பேப்பர்களை விரித்துவைத்துக்கொண்டு தாளில் குறிப்பார். ஒவ்வொரு நாளும் அந்தத் தாளில் எதையாவது வெட்டுவார். நான் கேட்காமலே வினாத்தாள் அச்சடித்துக் கொடுத்தேன், பிரதி எடுத்துக் கொடுத்தேன், பிளெய்ன் டீ வாங்கிக்கொடுத்தேன். குற்றமுள்ளவன் கை அவ்வளவு தாராளம்.

ஒருநாள் ஓட்டமாக என் அறைக்கு வந்தார். “பாருங்க சேர், சமன்பாடு அஞ்சும் சரி! அஞ்சும்!” தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். மறுநாள் அதே பிள்ளைக்குச் சதவீதம் மறந்துபோய்விட்டது. “ஒண்ண ஊத்துனா ஒண்ணு வழியுது” என்று சொல்லி மிஸ் வராந்தாவில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கௌசல்யா ஜன்னலுக்குள் இருந்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

பெறுபேறு வந்தது. தமிழ் ஏ, வரலாறு பி, மற்றதெல்லாம் சித்தி. கணக்கு மட்டும் டபிள்யூ, சித்தியில்லை.

அடுத்த வருடம் திரும்ப எழுதலாம், தன் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறேன் என்று சொல்ல மிஸ் அவர்கள் லயத்துக்குப் போனார். போனபோது பிள்ளை கொழும்புக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. புடவைக் கடையில் ஆள் தேவைப்பட்டதாம். “வந்த எடத்துல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்” என்று அம்மா சொன்னாராம், கோபமில்லாமல்.

அதற்குப் பிறகு அண்ணன்காரன் லீவில் வந்தபோது பாடசாலைக்கு வந்தான். இருபது வயதிருக்கும். அலுவலக அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“மன்னிச்சிருங்க மிஸ். பேர வெட்டிருவீங்கன்னு பயந்து தான்...”

“நான் சும்மா சொல்றதுப்பா அது” என்றார் மிஸ். “சும்மா சொல்றது.”

“வீடியோ எல்லாம் பாத்தேன் மிஸ். கேள்வி கேட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நிப்பீங்க. எனக்கு ஒதறும். அந்த எடத்த மட்டும் ஓட்டி விட்டுருவேன்.”

மிஸ் அவனைத் திட்டவில்லை. தோளில் கை வைத்து, “தங்கச்சி சாப்பிடுறாளா?” என்று மட்டும் கேட்டார். நான் பக்கத்து மேசையில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என்ன தட்டச்சு செய்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் இணையவழி வரவுக்காக எங்கள் பாடசாலைக்குச் சான்றிதழ் கிடைத்தது. காலைக் கூட்டத்தில் அதிபர் என் பெயரையும் மிஸ்ஸின் பெயரையும் கூப்பிட்டார். நான் மேடைக்குப் போனேன். மிஸ் வகுப்பறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார், வரவில்லை. வருட முடிவில் கலேவெல பக்கம் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, “அங்க என்னய யாருக்கும் தெரியாது சேர்” என்றார்.

என்னை வலயம் கூப்பிட்டுக்கொண்டது. இப்போது நான் ஆசிரியர்களுக்கு இணையவழிக் கற்பித்தல் பயிற்சி கொடுக்கிறேன். அந்த மொத்தக் கணக்குகள் நன்றாக இருந்ததால் கிடைத்த வேலை, வேறெதுவுமில்லை.

போன மாதம் மாத்தளையில் நடந்த பயிற்சிக்கு மிஸ் வந்திருந்தார். கடைசி வரிசையில் கொப்பியும் கையுமாக இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு என்னிடம் வந்தார்.

“எங்க பக்கம் மழைக்கு ரோடு போச்சுன்னா இன்னமும் போன்ல தான் பாடம் சேர். வீட்டுக்கு வீடு போறேன். நடக்கத்தான் முடியுதில்ல. வீடு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமா இருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்ப அந்தப் புள்ள விசயத்துல... நீங்க பாத்துச் சொன்னீங்களே, அந்தக் கட்டம் கட்டமா இருக்கிறது. அதுல பாத்தா தெரிஞ்சிருக்குமா சேர்? புள்ள படிக்கலன்னு?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடியோவில் நிற்பாரே, அதே மாதிரி அவசரமில்லாமல் நின்றார். ஓட்டிவிட எனக்கு வழியில்லை.

“இல்ல மிஸ்” என்றேன். “அதுல பாத்தா தெரியாது.”

“அப்ப சரி” என்றார். அவர் முகம் தளர்ந்தது. “வேற யாராச்சும் பாத்திருக்கலாமோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. வீணா ஆள் மேல சந்தேகப்படக் கூடாது பாருங்க. நான் தான் போகாம இருந்துட்டேன். இனியும் நடந்து தான் போய்ப் பாக்கணும்.”

அப்புறம் கொப்பியைத் திறந்து, அன்றைய பயிற்சிக் குறிப்புகளுக்குக் கீழே, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.